அடுத்த பத்து ஆண்டுகளில் நம் சமுதாயம் எங்கே நிற்கும்?

(புக்கிட் தெங்காவில் உழைக்கும் குடும்பங்களுக்காக நடந்த கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை. வர முடியாதவர்களுக்காக இங்கே முழுமையாகத் தருகிறோம்.)

தாய்மார்களே, ஐயாமார்களே, தம்பி தங்கைகளே! இந்த உரையை இணையத்தில் வாசிக்கும் உறவுகளே!

அடுத்த பத்து ஆண்டுகளில் நாட்டில் என்ன நடக்கும், அதில் நம் நிலை என்ன ஆகும் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் ஜோசியம் சொல்ல வரவில்லை. இன்றைக்குச் சட்டத்திலும், பட்ஜெட்டிலும், தொழிற்சாலை வாசலிலும் நம் கண்ணுக்குத் தெரிவதை வைத்து நாளைக்கு என்ன வரும் என்று ஒரு கணக்குப் போடலாம். அதைத்தான் செய்யப்போகிறேன்.

எதற்கு இந்தக் கணக்கு? நம் தாத்தா பாட்டி காலத்தை நினைத்துப் பாருங்கள். 1970களிலிருந்து 1990கள் வரை பால் மரம் வெட்டிய தோட்டங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறின. சில துண்டு போட்டு விற்கப்பட்டன, சில செம்பனைக்கு மாறின, சில தாமானாகவும் தொழிற்பேட்டையாகவும் ஆயின. தோட்டம் விற்கப்படப்போவது நிர்வாகத்துக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியும், வங்கிக்குத் தெரியும், நில அலுவலகத்துக்குத் தெரியும். லயத்தில் இருந்த நமக்கு மட்டும் நோட்டீஸ் ஒட்டிய பிறகுதான் தெரிந்தது! வேலை, வீடு, கோயில், பள்ளி நான்கும் ஒரே முதலாளியின் மண்ணில் இருந்தபடியால் நான்கும் ஒன்றாகவே ஆட்டம் கண்டன. பத்து ஆண்டுக்கு முன்பே யாராவது உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தால், ஒரு துண்டு நிலமாவது கேட்டு வாங்கியிருக்கலாம்.

அந்த நிலை மறுபடி வரக்கூடாது. அதனால்தான் இந்தப் பேச்சு.

பழைய ஆரூடங்கள் என்ன ஆயின?

1991-ல் அன்றைய பிரதமர் டாக்டர் மகாதீர் 'வவாசான் 2020' என்ற தொலைநோக்குத் திட்டத்தை அறிவித்தார். ஒன்பது சவால்களில் முதல் சவாலே ஒன்றுபட்ட மலேசிய இனத்தை உருவாக்குவது. 1996-ல் மல்டிமீடியா சூப்பர் காரிடார் வந்தது. பள்ளிப் பிள்ளைகள் 2020-ஐப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள், பறக்கும் கார் படம் வரைந்தார்கள். 2020 வந்தது. கோபுரங்கள் வந்தன, நெடுஞ்சாலை வந்தது, எல்லார் கையிலும் கைப்பேசி வந்தது. ஆனால் அரசாங்கப் பாரங்களில் இனம் எது என்று கேட்கும் கட்டம் போகவில்லை. அந்த ஆண்டு மார்ச்சில் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, தினக்கூலி வாங்கும் நம் குடும்பங்கள் அரிசிக்கும் பாலுக்கும் அலைந்ததுதான் பலருக்கு 2020-ன் நினைவு.

இன்னொரு பக்கம் பாருங்கள். 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூரில் பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் ஹிண்ட்ராஃப் பேரணிக்குத் திரள்வார்கள் என்று எந்த நிபுணர் சொன்னார்? தண்ணீர் பீரங்கியும் கண்ணீர்ப் புகையும் வந்தன. டிசம்பரில் ஐந்து பேரை ஐ.எஸ்.ஏ.-வில் பிடித்து உள்ளே வைத்தார்கள். 2008 மார்ச் 8 பொதுத்தேர்தலில் தேசிய முன்னணி மூன்றில் இரண்டு பெரும்பான்மையை இழந்தது. இதே பத்து காவான் நாடாளுமன்றத் தொகுதியில்தான், பினாங்கு முதலமைச்சராக இருந்த டான்ஸ்ரீ கோ சூ கூன் பேராசிரியர் இராமசாமியிடம் தோற்றார். ஒரு தமிழர் மாநிலத் துணை முதலமைச்சர் ஆனார். அந்த ஐ.எஸ்.ஏ. சட்டமே 2012-ல் ரத்தானது.

ஆனால் அடுத்த ஆண்டே, 2009-ல், குளுகோர் கம்போங் புவா பாலாவில் மாடு வளர்த்து வாழ்ந்த நம் மக்களின் வீடுகள் இடிக்கப்பட்டன. நிலத்தை விற்க முந்தைய மாநில ஆட்சியிலேயே ஒப்புதல் கொடுக்கப்பட்டுவிட்டது. நீதிமன்றத்தில் வழக்குத் தோற்றது. ஆட்சி மாறியது, நிலம் நம் கைக்கு வரவில்லை.

இவை மூன்றும் நமக்குச் சொல்லும் பாடம் என்ன? மேலே இருப்பவர்கள் சொல்லும் ஆரூடம் தானாகப் பலிக்காது. கீழே இருப்பவர்கள் எழுந்தால் யாரும் எதிர்பாராதது நடக்கும். எழுந்த பிறகும், பத்திரம் கையில் இல்லையென்றால் கிடைத்தது நிற்காது. இதை மனதில் வைத்து இனி வருவதைப் பார்ப்போம்.

1. அட்டை இல்லாதவருக்கு நாடே மூடிக்கொள்ளும்

2001-ல் மைகார்டு வந்தபோது அது பையில் வைக்கும் ஓர் அட்டை. இன்று அது சாவி. 2025 ஆகஸ்டில் 18 வயது நிரம்பிய குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் அரசாங்கம் 100 வெள்ளி 'சாரா' உதவி கொடுத்தது. கடையில் மைகார்டைக் காட்டித்தான் பொருள் வாங்க முடிந்தது. அதே ஆண்டு செப்டம்பர் கடைசியில் தொடங்கிய 'பூடி 95' திட்டத்தில், மானிய விலை பெட்ரோலுக்கும் மைகார்டுதான் வேண்டும். பாடு தரவுத்தளம், மைடிஜிட்டல் ஐடி என்று வரிசையாக வருகின்றன. அடுத்த பத்தாண்டில் மருத்துவமனை, பள்ளி, வங்கி, வேலை, வாடகை வீடு எல்லாமே ஓர் எண்ணில் கட்டப்படும். இது என் முதல் கணிப்பு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நீல அட்டை உள்ளவருக்கு இது வசதி. இல்லாதவருக்கு? முன்பெல்லாம் கவுண்டரில் இருக்கும் அதிகாரியிடம் அழுது கேட்கலாம். மனமிரங்கி ஒருவர் செய்து கொடுப்பார். கணினி இரங்காது! எண் இல்லையென்றால் 'ரெக்கார்டு இல்லை' என்று திரை காட்டும், அவ்வளவுதான்.

நம்மில் எத்தனை பேர் இன்னும் சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கிறார்கள்? இங்கேயே பிறந்து, இந்த மண்ணிலேயே பால் வெட்டி, இன்னும் குடிமக்கள் ஆகாத பாட்டிமார் எத்தனை பேர்? 2011-ல் மைடாஃப்தார் இயக்கம் நடந்தது. 2017-ல் மலேசிய இந்தியர் பெருந்திட்டம் அறிவிக்கப்பட்டபோதும் நாடற்றவர் பிரச்சினைக்குக் கால வரம்பு போட்டார்கள். இன்னும் தீரவில்லை. 2024 அக்டோபரில் மக்களவை குடியுரிமைச் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது. வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மாருக்கு அது நன்மை. ஆனால் அதே திருத்தத்தில், நிரந்தரவாசிகளின் பிள்ளைகளுக்கு இங்கே பிறந்ததாலேயே தானாகக் கிடைத்துவந்த குடியுரிமை எடுக்கப்படுகிறது. சிவப்பு அட்டைக் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒரு விஷயத்தை எல்லாத் தாய்மாரும் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது. 1982 மார்ச்சிலிருந்து முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் சட்டப்படி பதிவு செய்யப்பட வேண்டும். பதிவு இல்லாமல் பிறக்கும் குழந்தையின் குடியுரிமை தாயைப் பார்த்தே முடிவாகும். அந்தத் தாய் இந்தோனேசியராகவோ, இந்தியாவிலிருந்து வந்தவராகவோ, சிவப்பு அட்டைக்காரராகவோ இருந்தால் தகப்பன் மலேசியராக இருந்தும் பிள்ளைக்குச் சிக்கல். முதலில் பதிவு, பிறகு விருந்து வையுங்கள்! குழந்தை பிறந்தால் 60 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். தாண்டினால் 'தாமதப் பதிவு' என்று வருடக்கணக்கில் இழுக்கும்.

2. வேலை இருக்கும். ஆனால் அதே வேலை இருக்காது

ஜூரு டோல் சாவடியை எல்லாரும் கடந்திருப்பீர்கள். முன்பு கூண்டுக்கு ஓர் ஆள் உட்கார்ந்து சில்லறை கொடுத்தார். இன்று கார்டு. நாளைக்குத் தடையே இல்லாமல் கேமரா நம்பர் பிளேட்டைப் படித்துக் காசு பிடிக்கும். அந்தக் கூண்டில் இருந்தவர் எங்கே போனார் என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த பத்தாண்டில் இது பிறை, புக்கிட் தெங்கா தொழிற்பேட்டைகளில் நடக்கும். பத்து காவானைப் பாருங்கள். தோட்டமாக இருந்த இடம். 2014-ல் இரண்டாவது பாலம் திறந்த பிறகு வந்த தொழிற்சாலைகள் எத்தனை! உலகத்தின் கணினிச் சில்லுகளைப் பொதிந்து சோதிக்கும் வேலையில் ஏறக்குறைய 13 விழுக்காடு மலேசியாவில் நடப்பதாகச் சொல்கிறார்கள். அதில் பெரும்பங்கு பினாங்குக்கும் கெடாவுக்கும். 2024-ல் அரசாங்கம் அறிவித்த தேசிய செமிகண்டக்டர் திட்டம் 60,000 பொறியாளர்களை உருவாக்கப்போவதாகச் சொல்கிறது.

இந்த 60,000 பேரில் நம் பிள்ளைகள் எத்தனை பேர்? கேட்க வேண்டிய கேள்வி இதுதான். புதுத் தொழிற்சாலை முன்போல ஆயிரக்கணக்கான ஆப்பரேட்டர்களை பஸ் வைத்து அழைக்காது. கையால் செய்த சோதனையைக் கேமராவும் செயற்கை நுண்ணறிவும் செய்யும். அந்த இயந்திரம் கெட்டுப்போனால் சரிசெய்கிற டெக்னீஷியன் வேண்டும். மூன்று ஷிப்ட் நின்று செய்யும் வேலை குறையும்; இயந்திரத்தைப் புரிந்துகொண்டவருக்குச் சம்பளம் கூடும். செக்யூரிட்டி வேலையும் அப்படித்தான். நாலு ஜாகா நின்ற வாசலில் ஒருவரும் பத்து கேமராவும் இருக்கும்.

குறைந்தபட்சச் சம்பளம் 2013-ல் தீபகற்பத்தில் 900 வெள்ளி. 2025-ல் 1,700 வெள்ளி. போராடியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் பல முதலாளிகள் அந்தக் குறைந்தபட்சத்தையே கூரையாக்கி வைத்திருக்கிறார்கள். பத்து ஆண்டு அனுபவம் உள்ள அண்ணனுக்கும் நேற்றுச் சேர்ந்த தம்பிக்கும் ஒரே சம்பளம். இதைச் சங்கம் இல்லாமல் மாற்ற முடியாது.

அப்புறம் நம் ரைடர் தம்பிகள். மழையில் சாப்பாடு கொண்டுபோகிறீர்கள். கையில் காசு தினமும் வருகிறது, அதனால் நன்றாக இருப்பதுபோலத் தெரிகிறது. இ.பி.எஃப். இல்லை. 25 வயதில் அது தெரியாது, 55 வயதில் தெரியும். 2025-ல் நாடாளுமன்றம் கிக் தொழிலாளர் சட்டத்தை நிறைவேற்றியது நல்ல தொடக்கம். சுயதொழில் செய்கிறவர்கள் 'ஐ-சாரான்' திட்டத்தில் சேர்ந்தால், நீங்கள் போடும் பணத்துக்கு அரசாங்கம் 20 விழுக்காடு, ஆண்டுக்கு 500 வெள்ளி வரை சேர்த்துப் போடுகிறது. அடுத்த பத்தாண்டில் நம் சமுதாயத்தில் வயதானவர்கள் அதிகமாவார்கள், பிள்ளைகள் குறைவார்கள். சேமிப்பு இல்லாத முதுமைதான் நம்முடைய அடுத்த பெரிய வறுமை என்பது என் கணிப்பு.

3. எண்ணிக்கை குறையும், ஓட்டின் விலை நம் கையில்

மெர்டேக்கா காலத்தில் மலாயாவில் நூற்றுக்கு 11 பேர் இந்தியர்கள். 2020 மக்கள் கணக்கெடுப்பில் குடிமக்களில் 6.7 விழுக்காடுதான். பத்து ஆண்டில் இன்னும் குறையும். 222 நாடாளுமன்றத் தொகுதிகளில் நாம் பெரும்பான்மையாக உள்ள தொகுதி ஒன்றுகூட இல்லை.

2021 டிசம்பரில் 18 வயது வாக்குரிமையும் தானியங்கிப் பதிவும் நடைமுறைக்கு வந்தன. 2018-ல் ஏறக்குறைய 149 லட்சமாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை 2022-ல் 211 லட்சம் ஆனது. அந்தக் கூட்டத்தில் நம் பங்கு சிறியது. ஆனால் 2022-ல் எந்தக் கூட்டணிக்கும் தனிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை என்பதை மறக்காதீர்கள். இனி வரும் தேர்தல்களும் இழுபறியாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். இழுபறியில் சிறிய எண்ணிக்கைக்கும் மதிப்பு உண்டு, அது சேர்ந்து நின்றால்! ஒரு அரிசி மூட்டைக்கும் ஒரு இரவு விருந்துக்கும் கொடுத்துவிட்டால் மதிப்பு அந்த இரவோடு முடிந்தது.

அடுத்த பொதுத்தேர்தல் 2028 தொடக்கத்துக்குள் நடந்தாக வேண்டும். தொகுதி எல்லை மறுவரையறையும் வரும். தீபகற்பத்தில் கடைசியாக 2018-ல் நடந்தது; எட்டு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு தேர்தல் ஆணையம் மறுபடி கோடு போடலாம். அப்போது ஒரு தொகுதியின் 100 வாக்காளர்கள் சேர்ந்து கையெழுத்திட்டு ஆட்சேபம் கொடுக்க அரசியலமைப்பில் இடம் உண்டு. நூறு பேர்! ஒரு பிளாட் கட்டடத்தில் நூறு பேரைச் சேர்க்க முடியாதா?

பெருந்திட்டம் 2017-ல் பத்தாண்டுத் திட்டமாக வந்தது. மித்ரா 2018-ல் வந்தது. யார் ஆட்சியானாலும் நாம் கேட்க வேண்டியது ஒன்று: எவ்வளவு ஒதுக்கினீர்கள், யாருக்குக் கொடுத்தீர்கள், எத்தனை குடும்பம் மேலே வந்தது? கணக்கைக் காட்டுங்கள். கட்சிக்காரர் கோபித்துக்கொள்வார். கோபிக்கட்டும். அது நம் காசு.

4. தமிழ்ப்பள்ளியைச் சட்டம் காத்தது, பிள்ளைகளை நாம் சேர்க்க வேண்டும்

இந்த நாட்டில் தமிழ்க்கல்வி தொடங்கியதே பினாங்கில்தான். 1816-ல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் முதல் தமிழ் வகுப்பு நடந்தது. இன்று மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள். தாய்மொழிப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு விரோதம் என்று தொடுத்த வழக்கை 2021-ல் உயர்நீதிமன்றமும் 2023-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தள்ளின. 2024-ல் கூட்டரசு நீதிமன்றம் மேலும் முறையிட அனுமதி மறுத்தது. இது பெரிய வெற்றி.

ஆனால் மாணவர் குறைந்துகொண்டே போனால் நீதிமன்றம் என்ன செய்யும்? 150-க்கும் குறைவான மாணவர் உள்ள பள்ளி 'குறைந்த மாணவர் பள்ளி' என்ற பட்டியலில் போகிறது. என் கணிப்பு: அடுத்த பத்தாண்டில் சில தோட்டப்புறப் பள்ளிகள் மக்கள் உள்ள தாமான்களுக்கு இடம் மாறும், மாறாதவை ஆளில்லாமல் தேயும். உரிமத்தை விடாமல், புது இடத்துக்கு நிலம் கேட்டு வாங்குவது பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் முதல் வேலை.

தமிழ் படித்தால் தொழில்நுட்பம் வராது என்று சொல்கிறவர்களுக்கு ஒரு பதில். கணினியில் தமிழ் எழுத 1980களில் 'முரசு' மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் மலேசியத் தமிழர். அவர் செய்த எழுத்துரு இன்று ஆப்பிள் கருவிகளில் உலகெங்கும் இருக்கிறது.

பெரிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. ஆறாம் ஆண்டு முடித்துப் போன பையன் மூன்றாம் படிவத்தில் மொழி புரியாமல் பின்வரிசையில் உட்கார்ந்து, எஸ்.பி.எம். எழுதாமல் நிற்கிறான். அவன்தான் பிறகு குண்டர் கும்பலுக்கும் லாக்கப்புக்கும் இரையாகிறான். பத்து ஆண்டு கழித்து நம் சமுதாயம் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமா? இன்றைக்கு 13 வயதில் உங்கள் வீட்டில் இருப்பவனைப் பாருங்கள். 2024-ல் எஸ்.பி.எம்.-மில் 10 ஏ எடுத்த எல்லா இன மாணவருக்கும் மெட்ரிகுலேஷன் இடம் என்று அறிவித்தார்கள். நல்லது. 10 ஏ எடுக்காதவனுக்குத் தொழிற்கல்லூரி இருக்கிறது. அந்தப் பாரத்தை யார் அவனுக்கு நிரப்பிக் கொடுப்பது?

5. நிலம் விலை ஏறும், பட்டா இல்லாதது ஆடும்

தீவில் எல்.ஆர்.டி. வேலை 2025-ல் தொடங்கியது. கடலைத் தாண்டி பட்டர்வொர்த் பினாங்கு சென்ட்ரல் வரை வரப்போகிறது. தீவில் வீடு வாங்க முடியாதவர்கள் பெருநிலத்துக்கு வருவார்கள். செபராங் பிறையில் வாடகையும் வீட்டு விலையும் ஏறும். ஏறும்போது, தனியார் நிலத்திலும் அரசாங்க நிலத்திலும் பட்டா இல்லாமல் நிற்கும் நம் கோயில்களுக்கு நோட்டீஸ் வரும். 2018-ல் சீபில்ட் கோயிலில் கலவரம் வரை போனது. 2025-ல் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பகுதிக் கோயில் இடமாற்றம் நாடு முழுக்கப் பேச்சானது. கோபுரத்துக்கு வண்ணம் அடிக்கும் முன், கோயில் நிற்கும் மண் யார் பெயரில் இருக்கிறது என்று நில அலுவலகத்தில் கட்டணம் கட்டிப் பாருங்கள். நோட்டீஸ் வந்த பிறகு பேசினால் கெஞ்சல். வருவதற்கு முன் பேசினால் பேரம்.

6. பொய்யும் புத்திசாலியாகும்

2007-ல் எஸ்.எம்.எஸ். மூலம் நாம் ஆட்களைத் திரட்டினோம். 2022 தேர்தலுக்குப் பிறகு, மே 13-ஐச் சொல்லி மிரட்டும் வீடியோக்கள் டிக்டாக்கில் பரவின. அதே கருவி, வேறு வேலை! இனி உங்கள் மகன் குரலிலேயே போன் வரும்: "அம்மா, போலீஸ் பிடித்துவிட்டது, பணம் அனுப்பு." ஒரு தலைவர் சொல்லாததைச் சொன்னதுபோல வீடியோ வரும். வெளிநாட்டில் நல்ல சம்பளம் என்று அழைத்துப் போய்க் கம்போடியாவிலும் மியன்மாரிலும் மோசடிக் கும்பலிடம் மாட்டிக்கொண்ட மலேசியர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்குள் ஒரு ரகசிய வார்த்தை வைத்துக்கொள்ளுங்கள். பணம் கேட்டு எந்தப் போன் வந்தாலும் அந்த வார்த்தையைக் கேளுங்கள். இனச் சண்டை மூட்டும் வீடியோவை மற்றவருக்கு அனுப்பாதீர்கள். சண்டை வந்தால் முதலில் அடி வாங்குவது பிளாட்டில் பக்கத்துப் பக்கத்தில் வாழும் ஏழை மலாய்க்காரரும் ஏழைத் தமிழரும்தான்.

இனி என்ன செய்வது?

உறவுகளே, இந்த ஆறும் பயமுறுத்துவதற்காக அல்ல. இவை எல்லாம் நோட்டீஸ் ஒட்டுவதற்கு முன்பே நமக்குத் தெரிந்துவிட்டன. லயத்தில் இருந்த நம் பெரியவர்களுக்குக் கிடைக்காத அவகாசம் நமக்குக் கிடைத்திருக்கிறது.

ஆகவே இந்த மாதத்திலேயே நாலு வேலை செய்யுங்கள். ஒன்று, வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, திருமணப் பதிவு மூன்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். குறை இருந்தால் உடனே தேசியப் பதிவிலாகாவுக்குப் போங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால், எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்துப் போங்கள். இரண்டு, வேலைக்குப் போகும் ஒவ்வொருவரின் இ.பி.எஃப்., சொக்சோ கணக்கைப் பாருங்கள். முதலாளி சம்பளத்தில் பிடித்ததைக் கட்டியிருக்கிறாரா என்று தெரியும். மூன்று, படிவம் ஒன்றிலிருந்து ஐந்து வரை உள்ள பிள்ளைகளின் பெயரைத் தாமான் வாரியாக எழுதுங்கள். பள்ளிக்குப் போகாமல் நிற்கும் பிள்ளை யார் என்று அக்கம்பக்கத்துக்குத் தெரிய வேண்டும். நாலு, உங்கள் ஓட்டு எந்தத் தொகுதியில் இருக்கிறது என்று பாருங்கள். வீடு மாறியும் ஓட்டு பழைய தோட்டத்திலேயே இருந்தால் மாற்றுங்கள்.

இதற்கு மந்திரியும் வேண்டாம், மானியமும் வேண்டாம். ஒரு பேனா, ஒரு நோட்டுப் புத்தகம், ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம். பத்து வீட்டுக்கு ஒருவர் பொறுப்பு எடுத்தால் புக்கிட் தெங்கா முழுவதும் முடியும். பிறகு ஜூரு, பிறகு பிறை, பிறகு புக்கிட் மெர்தாஜாம். இன்று இங்கிருந்து போகும் முன் உங்கள் பிளாட்டுக்குப் பொறுப்பு யார் என்று பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். வாசிக்கிறவர்கள் உங்கள் தாமானில் அந்தப் பெயர் உங்களுடையதாக இருக்கட்டும் என்று முடிவு செய்யுங்கள்.

மக்கள் சக்தி வெல்லட்டும்!